மரச்சட்டமும் ஊர்க்கடையும்

ஒவ்வொரு வாரமும் எங்கள் மாவட்ட மன்றம் ஒரு பட்டியல் வெளியிடும். அந்த வாரம் வந்த கட்டட அனுமதி விண்ணப்பங்கள் அதில் வரிசையாக இருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை, கூரையில் ஒரு ஜன்னல், பழைய தானியக் களஞ்சியத்தை வீடாக்குவது, வேலியோரத்து மரத்தை வெட்டுவது. ஊரில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு பட்டியல் வருவதே தெரியாது. ஆனால் அதை வரி விடாமல் படிக்கிறவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். அநேகமாகப் பணி ஓய்வு பெற்றவர். அவர்தான் அந்த ஊர் நலச் சங்கத்தின் செயலாளர்.

தெற்கு இங்கிலாந்தில், கிராமங்கள் நிறைந்த ஒரு மாவட்டத்தில் திட்டமிடல் அதிகாரியாக இருக்கிறேன். சென்னையில் நகரமைப்பு படித்தபோது கிராமம் பாடத்திட்டத்தின் ஒரு மூலையில் கிடந்தது. இங்கே வந்தபின் வேலையே கிராமம்தான். அதிகம் கடிதப் போக்குவரத்து இருப்பதும் இந்தச் சங்கங்களோடுதான். ‘அமெனிட்டி சொசைட்டி’ என்பார்கள். பாரிஷ் மன்றம் வேறு, இது வேறு. பாரிஷ் மன்றம் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. தேர்தல் உண்டு, சிறு வரி போடும் அதிகாரமும் உண்டு. நம்மூர் ஊராட்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். சங்கத்துக்கு அதெல்லாம் கிடையாது. ஆண்டுச் சந்தா கட்டினால் யாரும் உறுப்பினர். ஒரு விண்ணப்பத்தைப் பற்றி 21 நாட்களுக்குள் கருத்து எழுதலாம். மன்றத்தின் திட்டமிடல் குழு கூடும்போது மூன்று நிமிடம் பேசலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன உரிமையோ அதே உரிமை.

அப்படியிருந்தும் அலுவலகத்தில் இவர்களுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று சேர்ந்த புதிதில் எனக்கு விளங்கவில்லை. “சங்கத்துக் கடிதம் வந்தா முதல் மூணு பத்தியை விட்டுடு, நாலாவதுல இருந்து படி” என்றார் மூத்த சகா ஒருவர். முதல் மூன்றில் கோபம் இருக்கும். நாலாவதில் விஷயம் இருக்கும். ‘என் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும்’, ‘வீட்டு விலை இறங்கிவிடும்’ என்ற இரண்டு வாதங்களும் திட்டமிடல் சட்டத்தில் செல்லாதவை. எத்தனை பேர் எழுதினாலும் செல்லாதவையே. நல்ல சங்கத்துக்கு இது தெரியும். ‘இந்தத் தெருவில் வீடுகள் எல்லாம் சாலையை ஒட்டியே நிற்கின்றன, இது மட்டும் உள்ளே தள்ளி நிற்கிறது. இந்த ஊரின் தன்மை பற்றிய உங்கள் மதிப்பீட்டு ஆவணம் இதைப் பற்றி என்ன சொல்கிறதென்று பாருங்கள்’ என்று எழுதுவார்கள். இப்படி ஒரு வரி வந்துவிட்டால் அதற்குப் பதில் சொல்லாமல் என் அறிக்கையை முடிக்க முடியாது. சட்டம் தராத பலத்தைப் படிப்பு தந்துவிடுகிறது.

இந்தப் பலம் ஒரே நாளில் வந்ததல்ல. இங்கிலாந்தின் கிராமப்புறத்தைக் காக்கவென்று ஓர் அமைப்பு 1926லேயே தோன்றிவிட்டது. போருக்குப் பிறகு 1947ஆம் ஆண்டுச் சட்டம், சொந்த நிலமானாலும் கட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்றது. டங்கன் சாண்டிஸ் என்ற அரசியல்வாதி, சர்ச்சிலின் ஒருகால மருமகன், 1957இல் சிவிக் டிரஸ்ட்டைத் தொடங்கினார். ஊர்ச் சங்கங்களுக்கு அது குடையாக இருந்தது. அவரே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்ததுதான் 1967ஆம் ஆண்டின் சிவிக் அமெனிட்டீஸ் சட்டம். அதுவரை ஒரு கட்டடத்தைத்தான் காக்க முடியும். அதன்பின் ஒரு தெருவை, ஓர் ஊரையே ‘பாதுகாப்புப் பகுதி’ என்று அறிவிக்க முடிந்தது. லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்டு நகரம் முதலில் அந்தப் பெயரைப் பெற்றது. இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 பகுதிகள் இருக்கின்றன. சிவிக் டிரஸ்ட் 2009இல் மூடப்பட்டது. ஊர்ச் சங்கங்கள் மூடப்படவில்லை.

பாதுகாப்புப் பகுதி என்றால் எதையும் தொட முடியாது என்றுதான் அங்கே வீடு வாங்குகிறவர்களும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மரம் வெட்ட வேண்டுமானால் ஆறு வாரம் முன்னால் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டு 75 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் போதும், இந்த விதிக்குள் வந்துவிடும். ஆனால் நூறாண்டு பழைய மரச்சட்ட ஜன்னலைப் பிடுங்கிவிட்டு பி.வி.சி. ஜன்னல் மாட்ட, பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் அரசுப் பட்டியலில் சேராத சாதாரண வீட்டுக்குப் பெரும்பாலும் அனுமதியே வேண்டாம். மரத்தை விட ஜன்னலுக்குப் பாதுகாப்பு குறைவு. இந்த ஓட்டையை அடைக்க ‘நான்காம் பிரிவு உத்தரவு’ என்று தனியாக ஒன்று போட வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் திரட்ட ஆள் வேண்டும். எங்களிடம் ஆள் இல்லை. ஒரு சங்கம் வந்து, “நாங்கள் கணக்கெடுக்கிறோம், எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்” என்றது.

அந்தக் கணக்கெடுப்பில்தான் நான் கற்றுக்கொண்டேன். செயலாளர் முன்னாள் புவியியல் ஆசிரியை. கையில் வரைபடம், காலில் ரப்பர் பூட்ஸ். நான் வீடுகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவர் வீடுகளுக்கு நடுவில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு வந்தார். “இந்த இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள்” என்றார். இரண்டு வீடுகளுக்கு இடையே பத்தடிச் சந்து, அதன் வழியே தூரத்து வயல் தெரிகிறது. தெருவில் நிற்கிறவனுக்கு ஊர் எங்கே முடிகிறது என்பது அந்தச் சந்தில்தான் தெரியும். அதில் ஒரு கார் கொட்டகை கட்டினால் எந்தப் பழைய கட்டடமும் கெடாது. ஆனால் ஊர் கெட்டுவிடும். பிறகு சாலையோரம். நகரத்தில் இருப்பதுபோல் கான்கிரீட் விளிம்பு இல்லை. புல் நேராகத் தாரோடு சேர்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மதில். அதில் சிமென்ட் பூசிய இடங்களில் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் உதிர்ந்திருந்தது. தெருவிளக்கு இல்லை. இல்லாதவற்றையெல்லாம் சேர்த்தே அவர் எழுதினார். நான் படித்த எந்தக் கையேட்டிலும் இருட்டு ஒரு சொத்தாகக் கணக்கில் வந்ததில்லை.

ஊரின் நடுவே புல்வெளி. இந்தப் பொதுப் புல்வெளியை ‘வில்லேஜ் கிரீன்’ என்று பதிவு செய்வது எங்கள் மேசைக்கு வருவதல்ல, மாவட்டத்துக்கு மேலடுக்கான கவுண்டி மன்றத்துக்குப் போவது. ஆனாலும் அதன் விதி எனக்குப் பிடித்த விதி. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊர்மக்கள் 20 ஆண்டுகள் அந்த இடத்தில் விளையாடிக் களித்திருக்க வேண்டும்; பலவந்தமாக அல்ல, ஒளித்து அல்ல, உரிமையாளரிடம் அனுமதி கேட்டும் அல்ல. கேட்டுவிட்டால் உரிமை போயிற்று. அதனால் விவரமான நிலக்காரர் வேலி போட மாட்டார்; ‘அனைவரும் வரலாம், உரிமையாளர் அனுமதியுடன்’ என்று பலகை வைப்பார். பார்ப்பதற்கு விருந்தோம்பல், சட்டத்தில் பூட்டு. 2013க்குப் பிறகு, அந்த நிலத்துக்குக் கட்டட விண்ணப்பம் அறிவிக்கப்பட்டுவிட்டால் புதிதாகப் பதிவு கேட்கவும் முடியாது. சங்கங்கள் பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்து வைக்கும் காரணம் இதுதான்: நாய் ஓடுகிற படம், அரசியின் வெள்ளிவிழா விருந்துப் படம், பனியில் சறுக்கும் பிள்ளைகள். எங்கள் ஊர் மந்தையும் ஏட்டில் புறம்போக்குதான். அதற்கு இப்படி ஆல்பம் தேடுகிறவர்கள் இருந்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

இதுவரை சொன்னது கல், மரம், புல். இவற்றைக் காக்கச் சட்டத்தில் ஏதோ ஒரு பிடி இருக்கிறது. ஊர் வாழ்க்கையைக் காக்க அந்தப் பிடி மிகவும் மெலிது. கடை மூடுவதையோ, ‘பப்’ மூடுவதையோ, பள்ளியில் பிள்ளைகள் குறைவதையோ எந்த ஜன்னல் உத்தரவும் தடுக்காது. 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் ஒன்று தந்தது: ஊருக்கு வேண்டிய கட்டடத்தைச் ‘சமூகச் சொத்து’ என்று ஐந்தாண்டுகளுக்குப் பட்டியலில் ஏற்றலாம். உரிமையாளர் விற்க நினைத்தால் அறிவிக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் ஊர்க் குழு ஒன்று கை தூக்கினால், அறிவித்த நாளிலிருந்து ஆறு மாதம் விற்பனை நிற்கும். ஆறு மாதம் கழித்து அவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். சட்டம் அவகாசம் தருகிறது, பணம் தருவதில்லை. பணத்தை ஊர்தான் புரட்ட வேண்டும். கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூர், இந்தச் சட்டமெல்லாம் வருவதற்கு முன்பே, 2003இல் தன் ‘பப்’பைக் கூட்டுறவாகப் பங்கு சேர்த்து வாங்கியது. இன்றும் பல சங்கங்கள் அந்த ஊரைத்தான் முன்னுதாரணம் காட்டுகின்றன.

எங்கள் மாவட்டத்தில் ஒரு சங்கம் கடைக்காக இதைச் செய்தது. பங்கு விற்றார்கள், கடையை வாங்கினார்கள், சம்பளத்துக்கு ஒரு மேலாளர், மற்ற நேரத்துக்கு முறை வைத்து தன்னார்வலர்கள். அதுவரை எனக்கு எதிர்ப்புக் கடிதம் மட்டுமே எழுதியிருந்த ஒருவர் கல்லாவில் நின்று பால் விற்பதைப் பார்த்தேன். மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டு, எதிரில் நின்ற பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பத்து ஆண்டு அந்த ஊரில் இருந்தும் அந்தப் பாட்டியின் பெயர் அப்போதுதான் அவருக்குத் தெரிந்ததாம். மரச்சட்ட ஜன்னலுக்காக வாதாடுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சங்கத்தின் தரத்தை எடைபோடச் சொன்னால் முதலில் கடையைப் பற்றித்தான் கேட்பேன்.

இந்த ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல வெளிநாட்டுக்காரன் நான் யார் என்ற கூச்சம் தொடக்கத்தில் எனக்கு இருந்தது. விசாரித்துப் பார்த்தால் சங்கத்துக் குழுவில் பாதிப்பேர் லண்டனில் வேலை பார்த்துவிட்டு வந்து குடியேறியவர்கள். ஊரின் பழைய அழகைப் பார்த்து வந்தவர்களுக்கு அது மாறக் கூடாது என்ற பதற்றம் அதிகம். பிறந்து வளர்ந்தவர்கள் சங்கக் கூட்டத்துக்கு அவ்வளவாக வருவதில்லை. ஒரு காரணம் எளிது: அவர்களின் பிள்ளைகள் ஊரில் இல்லை. ஊர் அழகாக இருக்க இருக்க வீட்டு விலை ஏறுகிறது. வார இறுதிக்கு மட்டும் வருகிறவர்கள் வாங்குகிறார்கள். கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் 2016இல் ஊரே வாக்களித்து, புதிதாகக் கட்டும் வீடுகளில் முழுநேரம் வசிப்பவர்கள் மட்டுமே இருக்கலாம் என்று விதித்தார்கள்; ஆனால் அது புது வீடுகளுக்கு மட்டும், இருக்கிற வீடுகளை அது தொடாது.

கடையைக் காப்பாற்றிய அதே சங்கத்தின் பொதுக் கூட்டத்தில்தான் இது வெடித்தது. ஊரின் ஓரத்து வயலில் சில வீடுகள் கட்ட விண்ணப்பம்; குழு எதிர்ப்புத் தீர்மானம் தயாரித்து வைத்திருந்தது. அதற்கு முந்தைய பொருள், பள்ளியில் பிள்ளைகள் குறைவது பற்றிய கவலை. பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்தார். முதியோர் இல்லத்தில் வேலை, பக்கத்து நகரத்தில் வாடகை. “இந்தப் பள்ளியில்தான் நான் படித்தேன். என் மகளையும் இங்கே சேர்க்க வேண்டுமானால் நாங்கள் எங்கே குடியிருப்பது?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தீர்மானம் அன்று நிறைவேறவில்லை.

நல்ல சங்கம் என்றேன் அல்லவா, இங்கேதான். விண்ணப்பத்தை எதிர்ப்பதா வேண்டாமா என்பதோடு நிற்காமல், என்னை அழைத்து வேறு வழி கேட்டார்கள். ஊர் எல்லைக்கு வெளியே, வழக்கமாக வீடு கட்ட விடாத நிலத்தில், உள்ளூர்த் தொடர்பு உள்ளவர்களுக்குக் குறைந்த வாடகை வீடு என்றால் மட்டும் விதிவிலக்காக அனுமதிக்கலாம் என்று கொள்கை இருக்கிறது. எல்லைக்கு வெளியே என்பதால் நிலம் கட்டட நிலத்தின் விலைக்குப் போகாது. வீடுகளை ஊர்மக்களே நடத்தும் சமூக நில அறக்கட்டளை ஒன்றின் பெயரில் வைத்துவிட்டால் பின்னால் சந்தைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். 2008ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வரையறை தந்திருக்கிறது. இடம் தேடி ஆசிரியை மறுபடி ரப்பர் பூட்ஸ் மாட்டினார். வயல் தெரியும் அந்தச் சந்துக்கு நேரே வராத மூலையாகப் பார்த்துப் பிடித்தார்.

இந்தக் குறைந்த வாடகை வீடுகளுக்கான விண்ணப்பம் இன்னும் வந்து சேரவில்லை. சங்கத்துக்குள் இப்போது சண்டை வேறு: உள்ளூர்த் தொடர்பு என்பதை எப்படிக் கணக்கிடுவது. ஊரில் பத்து ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்கிறது ஒரு கட்சி. பெற்றோர் இங்கே இருந்தால் போதும் என்கிறது இன்னொன்று. கடை மேலாளர் வெளியூர்க்காரர், தினமும் முப்பது மைல் ஓட்டிவருகிறார். இங்கே வேலை செய்கிறவரையும் சேர்க்க வேண்டும் என்று தன்னார்வலர்கள் பிடிவாதமாக நிற்கிறார்கள். பத்து ஆண்டு என்று வைத்தால் குழு உறுப்பினர்களிலேயே சிலர் தேறமாட்டார்கள் என்பதைக் கூட்டக் குறிப்பில் யாரோ பதிவு செய்திருக்கிறார்கள்.