லங்கர் அடுப்புக்கு வெட்டிய விறகு

ஒரு வாரமாக, ஆங்கிலேயர் காலத்தில் பஞ்சாபில் சீக்கியர்கள் நடத்திய குரு கா பாக் போராட்டத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், மனசு வேறெதிலும் போகவில்லை.

எல்லாம் விறகில் ஆரம்பித்தது. அமிர்தசரசிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது குரு கா பாக் குருத்வாரா. வருகிற யாருக்கும் சாதி மதம் பார்க்காமல் சாப்பாடு போடும் லங்கர் அடுப்புக்கு, பக்கத்தில் குருத்வாரா நிலத்தில் இருந்த மரங்களைத்தான் வெட்டுவார்கள். 1922 ஆகஸ்டில் அப்படி வெட்டிய ஐந்து அகாலிகளை, அதாவது குருத்வாராக்களைச் சீர்திருத்தப் போராடிய சீக்கியர்களை, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. திருட்டு வழக்கு, ஆளுக்கு 6 மாதம் சிறை, 50 ரூபாய் அபராதம்.

யார் வீட்டு விறகை யார் திருடினார்கள்? அன்றைக்குப் பல குருத்வாராக்கள் மகந்துகள் என்ற பரம்பரை நிர்வாகிகள் பிடியில் இருந்தன, கோயில் நிலத்தைத் தங்கள் சொந்தச் சொத்தாகவே அனுபவித்தார்கள், ஆங்கிலேய அரசும் அவர்களுக்கே காவல் நின்றது. குருத்வாராவைச் சமூகத்திடம் திருப்பிக் கொடு என்று கேட்டதுதான் அகாலி இயக்கம். மதத்துக்குள் ஒரு சீர்திருத்தம், அவ்வளவுதான். ஆனால் மகந்தைத் தொட்டால் சர்க்கார் வந்து நின்றது, அதனால் சண்டையும் சர்க்காரோடு என்றாகிவிட்டது.

அப்புறம் நடந்ததைத்தான் என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. அமிர்தசரசில் சீக்கியர்களின் தலைமைப் பீடமான அகால் தக்தில் கை ஓங்க மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு, நூறு நூறு பேராக தினமும் குரு கா பாக்குக்குக் கிளம்பினார்கள். கறுப்புத் தலைப்பாகை, அதில் சின்னதாக வெள்ளைப் பூச்சரம். பித்தளைப் பூண் போட்ட போலீஸ் தடியால் அடி விழும், விழுந்தவர் எழுந்து நிற்பார், மறுபடியும் அடி. இவர்களில் பலர் முதல் உலகப் போரில் அதே ஆங்கிலேயருக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்த சிப்பாய்கள்! திருப்பி அடிக்கத் தெரியாதவர்கள் இல்லை. நேரில் பார்த்த பாதிரியார் சி.எஃப். ஆண்ட்ரூஸ் கலங்கிப்போய் எழுதினார், கவர்னரையும் போய்ப் பார்த்தார். செப்டம்பர் நடுவில் அடி நின்றது. கைது மட்டும் நிற்கவில்லை, நவம்பருக்குள் 5,600 பேருக்கு மேல் உள்ளே போனார்கள்.

கடைசியில் சர் கங்கா ராம் என்ற லாகூர் பொறியாளர் அந்த நிலத்தை மகந்திடம் குத்தகைக்கு எடுத்து, அகாலிகள் விறகு வெட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். அரசு தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அது ஒரு வழி.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்குக் கொஞ்சம் முன்னால், அக்டோபர் 30 அன்று, இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஹசன் அப்தால் ஸ்டேஷனில் நடந்தது. கைதிகளை அட்டோக் சிறைக்கு ஏற்றிப்போகும் ரயில் அந்த வழியாக வருகிறது என்று தெரிந்ததும் அந்த ஊர் பஞ்சா சாகிப் குருத்வாராக்காரர்கள் சாப்பாடு செய்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ரயில் இங்கே நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ரயில் ஏறி நின்றபோது கரம் சிங்கும் பர்தாப் சிங்கும் நசுங்கிக் கிடந்தார்கள். எங்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவர்களுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று பர்தாப் சிங் சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள். கொடுத்தார்கள், கைதிகள் சாப்பிட்ட பிறகுதான் ரயில் கிளம்பியது.