தன்வாழ்க்கைக் கட்டுரைகளைத் திருத்திய ஒரு பருவம்

பல்லடம் அருகே உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்குப் பகுதி ஒன்று எனப்படும் மொழிப்பாடமாகத் தமிழ் நடத்துகிறேன். இந்தப் பருவத்தின் அகமதிப்பீட்டு ஒப்படைப்புக்கு, இணையத்தைப் பார்த்து எழுதித் தரும் வழக்கமான கட்டுரை வேண்டாமென்று, தம் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்வை எழுதிவரச் சொன்னேன். அவற்றைப் படித்து, குறிப்பெழுதித் திருப்பித் தந்து, மறுவரைவு வாங்கி முடித்த விதம் இதே வேலையில் இறங்கும் ஆசிரியர்களுக்கு உதவலாம்.

எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் விசைத்தறியையும் பனியன் கம்பெனியையும் கோழிப்பண்ணையையும் நம்பிய குடும்பத்தினர். பலர் முதல் பட்டதாரிகள். ஆனால் முதல் வரைவுகளில் அந்த உலகம் கண்ணில் படவே இல்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உட்தலைப்பிட்டே பழகிய கைகள், வீட்டில் நேர்ந்த சாவைக்கூட அந்தச் சட்டகத்துக்குள் அடைத்திருந்தன. இதற்கு மாணவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. அப்படி எழுதியதற்குத்தான் பன்னிரண்டாம் வகுப்புவரை நாம் மதிப்பெண் போட்டிருக்கிறோம்.

முதல் வாசிப்பில் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. என்னை நிறுத்திய இடத்தில் மட்டும் பென்சிலால் கோடிட்டேன். சோமனூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர், அப்பா இரவு பகல் பாராமல் உழைத்ததைப் பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டு, இடையில் போகிற போக்கில், தறிச் சத்தத்தில் நன்றாகத் தூங்கிவிடுவதாகவும் கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எல்லோரும் விழித்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். அங்கே கோடிட்டு, “விழித்ததும் யார் யார் என்ன செய்வீர்கள்?” என்று மட்டும் ஓரத்தில் கேட்டேன். மறுவரைவில், அம்மா டார்ச் அடிக்க அப்பா அறுந்த பாவு இழைகளைப் பிணைப்பதும், தங்கை தூக்கக் கலக்கத்தில், ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சிகளைப் பொறுக்கிக் கூடையில் போடுவதும் வந்தன. உழைப்பு என்று எங்கும் எழுத வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. “இதையெல்லாம் எழுதலாமுங்களா சார்? எல்லா ஊட்லயும் நடக்கறதுதானுங்களே” என்று கேட்டார். எழுதலாம் என்றேன்.

ஆசிரியர்களின் குறிப்புகள் பலவும் எந்தக் கட்டுரையின் ஓரத்திலும் ஒட்டிவிடக்கூடியவையாக இருக்கின்றன என்று அமெரிக்கப் பேராசிரியர் நான்சி சாமர்ஸ் 1982-லேயே எழுதினார். “விளக்கம் போதாது”, “நடையில் கவனம் தேவை” என்ற நம் குறிப்புகளும் அந்த வகைதான். பிழைகளுக்கு, 1983-ல் ரிச்சர்ட் ஹாஸ்வெல் முன்வைத்த முறையைப் பின்பற்றி, பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஒரு குறி மட்டும் போட்டேன். பிழை எதுவென்று மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். ர-ற, ல-ள-ழ மயக்கங்களைப் பெரும்பாலும் அவர்களே பிடித்துவிட்டார்கள். வல்லினம் மிகும் இடங்களில் இம்முறை பலிக்கவில்லை. தெரியாத விதியைக் குறி போட்டு நினைவூட்ட முடியாது. அதைத் தனியாக ஒரு வகுப்பில் நடத்தினேன்.

கடினமான பகுதி வேறு. விரும்பாததை எழுத வேண்டியதில்லை என்றும், மதிப்பெண் எழுத்துக்கே தவிரத் துயரத்துக்கு அல்ல என்றும், “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்ற வாக்கை என்னால் தர இயலாது என்றும் முதல் நாளே அறிவித்திருந்தேன். முதலாமாண்டில் 17 வயதினரும் இருக்கிறார்கள்; சட்டத்தின் பார்வையில் அவர்கள் குழந்தைகள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி ஆசிரியருக்கும் உண்டு. அப்படி எதுவும் வரவில்லை. ஆனால் ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தி, வாழவே பிடிக்கவில்லை என்ற தொனியில் முடிந்திருந்தது. அந்தத் தாளில் ஒரு கோடுகூடப் போடாமல், மறுநாள் காலையிலேயே ஆலோசகருடன் அந்த மாணவியை அமர வைத்து, சுற்றிவளைக்காமல், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டோம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். அது தேவையற்ற அச்சம். அந்த மாணவி நெடுநேரம் பேசினார். அரசின் கட்டணமில்லாத மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐயும் கொடுத்தோம். ஆலோசகரைத் தொடர்ந்து சந்தித்துவருகிறார்.

தாள்களை வகுப்புத் தலைவரிடம் கட்டாகக் கொடுத்தனுப்பாமல் ஒவ்வொருவர் கையிலும் நானே கொடுத்தேன். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் பக்கத்து மேசைக்காரர் பிரித்துப் படிக்கும் தாள்கள் அல்ல அவை. மறுவரைவு வந்த பிறகே மதிப்பெண் போட்டேன். வீட்டுச் சண்டையை எழுதிய மாணவி ஒருவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கன்னிவாடி ஆட்டுச் சந்தையில் அவருடைய அப்பாரு (தாத்தா) துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியதை எழுதித் தந்தார். ஏன் மாற்றினாய் என்று நான் கேட்கவில்லை. எந்த விரலுக்கு எவ்வளவு விலை என்று மட்டும் ஓரத்தில் கேட்டிருக்கிறேன்.