நிபா: வதந்தியும் உண்மையும் (குமரி நாட்குறிப்பு)

22 ஜூலை 2024
கேரளத்தின் மலப்புரத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன், பழந்தின்னி வௌவாலிடமிருந்து பரவும் நிபா வைரஸால் நேற்று இறந்தான். ‘கோழிக்கறியில் நிபா’ என்ற பழைய வாட்ஸ்அப் செய்தி இங்கே மறுபடி சுற்றுகிறது. 1998-99இல் மலேசியாவில் பரவியது பன்றிப் பண்ணைகள் வழியாக. கோழிக்கு அதில் பங்கில்லை.

23 ஜூலை
கேரள எல்லையான களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் காய்ச்சல் பார்த்தால் போதும் என்பது பாதி உண்மைதான். தொற்றியபின் அறிகுறி தெரியப் பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். அதற்கிடையில் வருபவரைத் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுக்காது. கேரள லாரி கடந்து போனாலே ஒட்டிக்கொள்ளும் என்பதோ முழுப்பொய். 2018இல் கோழிக்கோட்டில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரியில், நோயாளியின் பக்கத்தில் இருந்தபோதுதான் தொற்றியது.

25 ஜூலை
அக்கானி (பனம்பதநீர்) குடிக்கலாமா? சீசன் முடிந்தும் இந்தக் கேள்வி ஓயவில்லை, நியாயமான கேள்விதான். வங்கதேசத்தில் பச்சை ஈச்சம்பதநீர் வழியாகப் பலமுறை பரவியிருக்கிறது. இரவில் பழந்தின்னி வௌவால் சாறு வடியும் இடத்தை நக்கும். கலயத்தில் எச்சிலும் மூத்திரமும் விழும். கலயத்தில் தடவும் சுண்ணாம்பு, அக்கானி புளிக்காமலிருக்க. அது வைரஸைக் கொல்லும் என்று நம்பி இருக்கக்கூடாது. பாளையையும் கலயத்தின் வாயையும் சேர்த்து மூங்கில் தட்டியால் மறைக்கலாம். வலை கட்டினால் வௌவால் கலயத்தை நெருங்காது, ஆனால் மூத்திரம் விழுவது நிற்காது. கொதிக்கவைத்த அக்கானிக்குப் பயமில்லை. கருப்பட்டியோ மணிக்கணக்கில் காய்ச்சியது, தாராளமாகத் தின்னலாம்.

ரம்புத்தான், கொய்யா, மாம்பழம்: கடிபட்ட பாகத்தை வெட்டிவிட்டு மீதியைத் தின்கிற பழக்கம்தான் ஆபத்து. பழத்தை முழுசாகப் புதைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

26 ஜூலை
வௌவால் அடையும் மரத்தை வெட்டக்கூடாது. வெட்டினால் அவை பக்கத்து விளைகளுக்கு (தோப்புகளுக்கு) சிதறும். அலைக்கழிந்த வௌவாலிடமிருந்து வைரஸ் கூடுதலாக வெளிப்படவும் கூடும்.

28 ஜூலை
காய்ச்சல், தலைவலியோடு பேச்சு குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் போனால், மூச்சுத் திணறினால், வீட்டில் வைத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். மழைக்காலத்தில் டெங்கு, எலிக்காய்ச்சலும் இப்படித் தொடங்கலாம். எங்கே போய்வந்தார், எந்த நோயாளியைப் பார்த்தார் என்று டாக்டரிடம் முதலிலேயே சொன்னால்தான் நிபா சோதனைக்கு மாதிரி போகும். வண்டி வரும்வரை ஒரே ஒருவர் மட்டும் முகக்கவசம், கையுறையோடு பக்கத்தில் இருக்கட்டும். வாந்தி விழுந்த இடத்தில் லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி, அரைமணி நேரம் விட்டுத் துடைக்க வேண்டும். திறந்து நாளான பையில் குளோரின் வீரியம் போயிருக்கும்; மூக்கைத் துளைக்கும் நெடி இல்லையென்றால் புதுப்பை வாங்குங்கள்.