பங்கு ஆலயம் மூடியாச்சா? திருவருகைக் கால வளையம் வீட்டு மேசையில்

அமெரிக்காவில் பாஸ்டன் உயர்மறைமாவட்டம் (பேராயரின் கீழுள்ள கத்தோலிக்கப் பகுதி) 2004-ல் பல பங்குகளை, அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகங்களை, மூடியது. அப்படி ஆலயம் இழந்தவர்கள் திருவருகைக் கால வளையத்தை, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் வாரம் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றும் பசுங்கிளை வளையத்தை, வீட்டிலேயே வைக்கலாம். குருவானவர் கட்டாயமில்லை, குடும்பத்தில் ஒருவரே ஆசீர் ஜெபம் சொல்லலாம்.

12 அங்குல வளையம் போதும். கிளைகளைக் குத்தி வைக்கும் பூ ஸ்பாஞ்சைத் தண்ணீரில் அமுக்காதீர்கள், தானாக முங்கட்டும். அமுக்கினால் காற்று சிக்கி நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். மேலே ஈரம் இருக்கும், கிளை மட்டும் வாடும். ஊசியிலை மரங்களில் ஃபர் கிளை நல்லது. ஹெம்லாக் மலிவுதான், ஆனால் ஹீட்டர் போட்ட வீட்டில் சீக்கிரமே ஊசி கொட்டி, சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும்!

மூன்று ஊதா, ஒரு ரோஸ் மெழுகுவர்த்தி. ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு. அடியில் நான்கு பல்குச்சியை டேப்பால் சுற்றிக் குத்தினால் ஆடாது. முதல் வர்த்திதான் சீக்கிரம் குட்டையாகும். சுடர் இலைக்கு இரண்டு அங்குலம் நெருங்கினால் மாற்றிவிடுங்கள்.

பங்கை மூடும் ஆணையை எதிர்ப்பவர்கள் கவனிக்க: திருச்சபைச் சட்டப்படி, ஆணை கையில் கிடைத்த 10 நாளுக்குள் ஆயருக்கே எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். கையெழுத்து வேட்டையில் பலர் இந்தக் கெடுவைக் கோட்டைவிடுகிறார்கள். ஞானஸ்நானப் பதிவேடு எந்தப் பங்குக்குப் போகிறது என்றும் அப்போதே கேட்டு வையுங்கள்.