பத்தனையில் கிடைத்த முகவரி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். எங்கள் லயத்துக்கென்று, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கென்று, ஒரு முகவரி கிடையாது. அப்பா பேர், டிவிஷன், தோட்டம், கிட்டத்து டவுன், அவ்வளவுதான். கடிதம் எதுவானாலும் முதலில் தோட்டத்து ஆபிசுக்குப் போகும். அங்கிருந்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கை எப்போது வீடு வந்து சேருகிறதோ அப்போதுதான் கடிதமும் வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்து, வேலையைக் கோட்டைவிட்ட பிள்ளைகள் எங்கள் டிவிஷனிலேயே இருந்தார்கள். ஆசிரியப் பயிற்சி தரும் கல்வியியற் கல்லூரியின் கடிதம் எனக்கு நேரத்துக்குக் கிடைத்தது என்றால், அம்மா அந்த மாதம் முழுக்கக் கணக்கப்பிள்ளையை நச்சரித்ததுதான் காரணம்.

2000ஆம் ஆண்டு பத்தனைக்கு வந்து சேர்ந்தேன். தம்பியைக் கொண்டு அப்பா எழுதிய முதல் கடிதம் விடுதிக்கு வந்தபோது உறையில் என் பேர், அறை எண், ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, பத்தனை என்று ஒழுங்காக நாலு வரி இருந்தது. உள்ளே இருந்த விசயத்தைவிட அந்த நாலு வரியைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு எனக்குக் கொடுத்த தலைப்பு 'மாணவர் நலச் சேவைகளும் ஆளுமை விருத்தியும்'. நாங்கள் படித்த காலத்தில் யாரும் இப்படிப் பேர் வைத்துப் பேசியதாக ஞாபகம் இல்லை. ஆனால் காரியம் நடந்தது. எப்படி நடந்தது என்று எனக்குத் தெரிந்த மட்டில் எழுதுகிறேன்.

நம் பிள்ளைகள் பலர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தவை இந்தக் கல்வியியற் கல்லூரிகள். பழைய ஆசிரியர் கலாசாலைகளில் ஏற்கெனவே நியமனம் பெற்றவர்கள் போய்ப் படிப்பார்கள். இங்கே உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு வருவோம். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறு பயில்வு, அதாவது அங்கேயே கற்பித்துப் பழகுவது. பத்தனைக் கல்லூரிக்கு ஜெர்மன் அரசின் உதவி இருந்தது. மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் இல்லாத குறையை மலையகப் பிள்ளைகளைக் கொண்டே தீர்ப்பது முக்கிய நோக்கம். 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் பல இடங்களில் ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. அந்த மண்டபத்தில் படித்தவர்தான் எங்கள் அப்பா.

சரி, விடுதிக் கதைக்கு வருகிறேன். முதலில் சேலை. பெண் பிள்ளைகள் தினமும் சேலை உடுத்துத்தான் விரிவுரைக்குப் போக வேண்டும். அம்மா தோட்டத்துக்கு வரும் புடவை வியாபாரியிடம் தவணைக்கு வாங்கிக் கொடுத்த சேலைகள் பெட்டியில் இருந்தன. உடுத்தத்தான் தெரியாது. விடியற்காலையில், 4,000 அடி உயரத்துக் குளிரில், பச்சைத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்து பத்துப் பேர் ஒரு கண்ணாடி முன்னால் மல்லுக்கட்டுவோம். என் அறையில் இருந்த பண்டாரவளைக்காரி சிங்களப் பிள்ளை. அவள் ஒசரி என்னும் கண்டியச் சேலை உடுத்துகிறவள், மடிப்பு வைப்பதில் கெட்டிக்காரி. வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே என் கொசுவத்தை ஒவ்வொன்றாக நீவி எடுத்துச் செருகுவாள். பதிலுக்கு நான் அவளுக்குத் தமிழ் எழுத்து. 'ழ' அவளுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. மடிப்பு எனக்கு இரண்டாம் தவணையில்தான் கைவந்தது.

சேலை பெரிய விசயமா என்று கேட்பார்கள். தோட்டத்தில் சேலை உடுத்தி, குடை பிடித்து நடக்கிறவர் டீச்சர் மட்டும்தான். எங்கள் அம்மாமார் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள். சேலை உடுத்த கோலத்தில் நான் முதல் லீவுக்கு வீட்டுக்குப் போனபோது லயத்து வாசலில் நின்ற மாமி ஒருத்தி, "வாங்க டீச்சர்" என்று கூப்பிட்டார். பத்தொன்பது வயசுப் பிள்ளையை, பிறந்ததிலிருந்து 'வாடி போடி' என்று அழைத்த மாமி. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அடுத்தது பத்திரங்கள். மலையகத்தவரின் கதையில் பத்திரம் ஒரு தீராத நோய். 1948இல் பிரஜாவுரிமை போனதிலிருந்து எங்களைத் துரத்துவது கடதாசிதான். உரிமை திரும்பி வந்த பிறகும் பேர்கள் சரியாக வரவில்லை. பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அடையாள அட்டையில் வேறு எழுத்து, சாதாரணதரச் சான்றிதழில் இன்னொரு எழுத்து. எங்கள் அணியில் ஒரு மாத்தளைக்காரி இருந்தாள். மூன்று பத்திரத்திலும் அவள் மூன்று ஆள். அப்பா பேரோ நாலாவது விதம். ஓர் அரச அலுவலகத்தில் (பேர் வேண்டாம்) அவளை ஏழெட்டு முறை அலைய வைத்து, கடைசியில் "நீங்க யாருன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க" என்றே சொல்லிவிட்டார்கள். அன்றிரவு அவள் சாப்பிட வரவில்லை.

விசயம் விரிவுரையாளர் ஒருவர் காதுக்குப் போனது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை மாத்தளைக்காரியை மட்டுமல்ல, பேர்ச் சிக்கல் உள்ள எல்லோரையும் வகுப்பறைக்கு வரச் சொன்னார். கிட்டத்தட்டப் பாதி வகுப்பு வந்து நின்றது. கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, எதற்குச் சத்தியக் கடதாசி போதும், எதற்குப் பதிவாளரிடம் திருத்தம் வேண்டும், பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு எங்கே போக வேண்டும் என்று எழுதிப்போட்டார். கடிதம் எழுதும் முறையையும் அங்கேயே பழக்கினார். சமாதான நீதவான் ஒருவரைத் தேடி ஹட்டனுக்கு ஒரு கூட்டமாகப் போனோம். இரண்டு வருடத்தில் படித்த கல்வி உளவியல் பாதிக்கு மேல் மறந்துவிட்டது. அந்தக் கரும்பலகை மறக்கவில்லை. பிறகு நான் கற்பித்த தோட்டத்தில் எத்தனையோ பெற்றோருக்கு அதே வரிசையில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை சொல்லும் உளவளத்துணை என்று ஒரு பாடமும் இருந்தது, அதற்கென்று ஓர் அறையும் இருந்தது. அறையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவைத் தட்ட எங்களுக்குத்தான் வெட்கம். உள்ளே போனால் வெளியே வரும்போது, "என்ன பிரச்சினையாம்?" என்று நாலு பேர் கேட்பார்கள். இதைப் பொறுப்பான மிஸ் கவனித்திருக்க வேண்டும். சிரமதான நாளில் களை பிடுங்குவதற்கு ஆட்களைச் சோடியாகப் பிரித்து, அவரும் ஒரு பிள்ளையோடு சோடி சேர்ந்து குந்திவிடுவார். களை பிடுங்கும்போது முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, மண்ணைப் பார்த்துப் பேசலாம். அப்பாவின் குடி, அக்காவின் சீதனம், விடுதிக்கு வந்தும் விடாத காதல் கடிதம் எல்லாம் அந்தப் பூப்பாத்தியில்தான் கொட்டப்பட்டன. தோட்டத்துப் பெண்களும் மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போதுதான் மனசு விட்டுப் பேசுவார்கள். மிஸ் அதை அறிந்து செய்தாரா, தற்செயலா, கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருடம் ஒக்டோபர் 25ஆம் திகதி பிந்துனுவெவ படுகொலை. பண்டாரவளையில் புனர்வாழ்வு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கும்பல் புகுந்து கொன்றது. மலையக நகரங்களில் ஆர்ப்பாட்டம், கடையடைப்பு, ஊரடங்கு. தலவாக்கலை, ஹட்டன் இரண்டு பக்கமும் பதற்றம், நடுவில் நாங்கள். தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒரே விடுதியில். அன்றிரவு விரிவுரையாளர்கள் சிலர் குவாட்டர்ஸிலிருந்து இறங்கி வந்து சாப்பாட்டு அறையில் எங்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். தமிழர் இருவர், சிங்களவர் ஒருவர். யாரும் இன ஒற்றுமை பற்றிப் பேசவில்லை, அதற்கு இன்றும் நன்றி சொல்வேன். எல்லோரும் சாப்பிட்டீர்களா, யார் வீட்டுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பண்டாரவளைக்காரி என் பக்கம் திரும்பாமலே இருந்தாள். விளக்கை அணைத்த பிறகு, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னாள். நீயா செய்தாய் என்று கேட்டேன். காலையில் வழக்கம்போல ஊசியை வாயில் கவ்விக்கொண்டு என் கொசுவத்துக்கு வந்துவிட்டாள்.

ஆளுமை விருத்தி என்றால் மேடையில் பேசுவது, கூட்டம் நடத்துவது என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். காலைக்கூட்டத்தில் முறை வைத்து எல்லோரும் பேசினோம், எனக்கும் கால் நடுங்கியது, விடுங்கள். எனக்கு முதுகெலும்பு நிமிர்ந்தது கற்பித்தல் பயிற்சியில். ஒரு தோட்டப் பாடசாலை, மூன்றாம் வகுப்பு, நிறை அளத்தல் பாடம். கொழுந்து நிறுவையை வைத்தே பாடக்குறிப்பு எழுதியிருந்தேன். விரிவுரையாளர் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த பாடத்தின் நடுவில் ஒரு பையன் எழும்பி, "டீச்சர், நிறுத்த பொறகு எங்கம்மாவுக்கு ரெண்டு கிலோ ஏன் கழிக்கிறாங்க?" என்றான்.

சாக்கு, ஈரம் என்று காரணம் சொல்லிக் கழிப்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாடக்குறிப்பில் இதற்கு இடமில்லை. வெறும் சாக்கு எவ்வளவு இருக்கும் என்று திருப்பிக் கேட்டேன். பையன்களே ஓடிப்போய்ச் சாக்கொன்று கொண்டுவந்தார்கள். தராசில் போட்டுப் பார்த்தோம். முள் ஒரு கிலோவைத் தொடவேயில்லை. வகுப்பே கத்தியது. மிச்சம் எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை, பிள்ளைகள் கேட்டார்கள். விரிவுரையாளர் அவதானிப்புப் புத்தகத்தில் எழுதிய குறிப்பு: "கழித்தல் பாடம் திட்டமிடாமலே நடந்தது. நன்று." அப்புறம் வெளியே வந்து, தோட்டத்து ஆபிசிலிருந்து யாராவது வந்து கேட்டால் தன்னிடம் அனுப்பச் சொன்னார். யாரும் வரவில்லை.

இப்போது வடமேற்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். இங்கே பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்றே ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு பொறுப்பாளர் இருந்தாக வேண்டும். வருடா வருடம் எங்களுக்குப் பயிற்சி. ஒரு பிள்ளை முகம் வாடியிருந்தால் படிவத்தில் குறித்து அனுப்ப வேண்டும். இதைப் பழிக்க மாட்டேன். பத்தனையில் ஒரு நல்ல விரிவுரையாளர் கண்ணில் பட்டதால் மாத்தளைக்காரி தப்பினாள். கண்ணில் படாமல் போனவர்கள் இருந்திருப்பார்கள். படிவத்துக்கு அந்தப் பாரபட்சம் இல்லை. ஆனால் எந்தப் படிவமும் சனிக்கிழமை காலையில் கரும்பலகையோடு வந்து நிற்காது என்பதும் எனக்குத் தெரியும்.

சங்கத்துக்கு ஒரு வார்த்தை. விடுதியில் இருந்த இரண்டு வருடமும் சாப்பாடு, படுக்கை, தோழிகள் என்று எல்லாம் இருந்தது. கஷ்டம் மூன்றாம் வருடத்தில்தான். கட்டுறு பயில்வுக்குப் போன இடத்தில் அறை தேடி நான் பட்ட பாடு சொல்லி மாளாது. தோட்டத்துப் பிள்ளை என்றதும் வாடகையை ஏற்றிய வீட்டுக்காரரும் உண்டு, கதவைச் சாத்தியவரும் உண்டு. கையில் வந்த கொடுப்பனவு அறைக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும், மாதக் கடைசி வாரம் ரொட்டியும் சம்பலும்தான். நாம் இங்கிருந்து சேர்க்கும் சந்தாக் காசில் மேடைத் திரை, பெயர்ப்பலகை, பொன்னாடை என்று செலவழித்தது போதும். மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாத அறை வாடகையும், பேர்த் திருத்தத்துக்கு அலைகிறவர்களுக்குப் பஸ் காசும் கொடுப்போம். பெரிய தொகை ஆகாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பிரேரணையாகவே கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். மாத்தளைக்காரி, டொரொண்டோவிலிருந்து சூமில் வந்தாலும் பரவாயில்லை, வந்து சேர்.