ஊதா விளிம்பு

பிப்ரவரி 8, 2025

நியூ ஜெர்சியின் சாண்டி ஹுக் கடற்கரையில் தடித்த மட்டி ஓடு ஒன்று கிடைத்தது. வெளியே சாம்பல் நிறம், சொரசொரப்பு. வீட்டுக்கு வந்து கழுவினேன். உள்ளே பால் வெள்ளை, ஒரு ஓரத்தில் மட்டும் அடர்ந்த ஊதா. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான லெனாபே மக்கள் இந்த ஓரத்தை அறுத்துத் தேய்த்து, துளை போட்டு மணியாக்கினார்கள். வெள்ளை மணிக்குச் சங்கு. துக்கம் விசாரிக்கப் போனாலும் சமாதானம் பேசப் போனாலும் கையில் மணிச்சரம் கொண்டுபோவார்கள். பேசிய பேச்சுக்கு அதுதான் சாட்சி.

பிப்ரவரி 15

ஓடு மேசை மேல் இருக்கிறது. வாரம் முழுக்க இதே படிப்புதான்.

1609-இல் டச்சுக்காரர்களுக்காகக் கடலோடிய ஹென்றி ஹட்சனின் கப்பல் வந்தது. பின்னாலேயே தோல் வியாபாரிகள். காசு தட்டுப்பாடான ஊரில் டச்சுக்காரர்கள் இந்த மணியையே காசாக்கிவிட்டார்கள். ஒரு ஊதாவுக்கு இரண்டு வெள்ளை. இரும்பு ஊசி கைக்கு வந்ததும் துளை போடுவது சுலபமானது, மணி பெருகியது. சாட்சியாக இருந்தது சில்லறையாகிவிட்டது.

டச்சுக்காரர்கள் மன்ஹாட்டனை 60 கில்டருக்கு (அவர்கள் நாணயம்) வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லும் 1626-ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே அங்கிருந்து ஹாலந்து போய்ச் சேர்ந்த கப்பலின் சரக்குக் கணக்கும் இருக்கிறது: 7,246 பீவர் தோல். பீவர் என்பது ரோமத்துக்காக வேட்டையாடப்பட்ட, ஆற்றில் வாழும் ஒரு கொறிவிலங்கு. ஒரே கப்பலில்! என்னால் அந்த எண்ணைத் தாண்ட முடியவில்லை. பீவர் அருகிய பிறகு விற்க மிஞ்சியது நிலம்தான். சேர்ந்து புழங்கத்தான் கொடுக்கிறோம் என்று லெனாபே மக்கள் நினைத்தார்கள். வாங்கியவர்கள் அப்படி நினைக்கவில்லை. வேலியில்லாமல் விட்ட மாடுகள் சோளத்தை மேய்ந்தன. லெனாபே மக்களிடம் விவசாயம் பெண்கள் பொறுப்பு. மாடு மிதித்தது அவர்கள் உழைப்பை.

பிப்ரவரி 25

1639-இல் டச்சு ஆளுநர் வில்லெம் கீஃப்ட் லெனாபே மக்களிடமே வரி கேட்டார். சோளமோ தோலோ மணியோ, ஏதாவது கொடுத்தாக வேண்டும். அவர்கள் மறுத்தார்கள்.

1643, இதே இரவு. வடக்கே எதிரிகளுக்குப் பயந்து ஓடிவந்த குடும்பங்கள், டச்சுக்காரர்களை நம்பி பவோனியாவில் தங்கியிருந்தன. கீஃப்டின் ஆட்கள் மன்ஹாட்டனிலிருந்து ஹட்சன் ஆற்றைக் கடந்துபோய்ச் சுமார் 80 பேரைக் கொன்றார்கள். குழந்தைகளையும் விடவில்லை. இதை வேண்டாம் என்று தடுத்துப் பார்த்த டச்சுக் குடியேறி டேவிட் டி விரீஸ், அக்கரை மன்ஹாட்டனில் ஆளுநர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். நள்ளிரவில் அலறல் கேட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்.

பவோனியா என்பது நான் குடியிருக்கும் இந்த ஜெர்சி சிட்டிதான். பவோனியா அவென்யூ என்று ஒரு தெருவே இருக்கிறது. வேலை முடிந்து, அந்த மட்டி ஓட்டை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். நல்ல குளிர். அக்கரை விளக்குகளைப் பார்த்தபடி நின்றேன். எவ்வளவு அகலமான ஆறு! இதைத் தாண்டிக் கேட்டிருக்கிறது.