மே 26க்குப் பிறகும் நான் வெளியே வரவில்லை

2020 மே 26 ஆம் திகதி கொழும்பில் கொரோனாவுக்காகப் போடப்பட்ட பகல்நேர ஊரடங்கு நீக்கப்பட்ட காலையில், வெள்ளவத்தையில் நான் தனியாகக் குடியிருக்கும் தொடர்மாடியின் படிக்கட்டில் ஆட்கள் இறங்கிச் செல்லும் ஓசை விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தேன். சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டு, செருப்பைக் கழற்றிப் படுக்கைக்குத் திரும்பினேன். மார்ச் 20 ஆம் திகதி மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய ஊரடங்குதான் என்னை இப்படி ஆக்கியது என்று அதுவரை நம்பியிருந்தேன். தடை விலகிய பின்னும் கால் எழாதபோது, அந்த நம்பிக்கை அன்றே உடைந்தது.

வேறொரு காலமாக இருந்திருந்தால், மூன்று நாள் வேலைக்கு வராதவளை அலுவலகத்தில் யாராவது தேடியிருப்பார்கள். ஊரடங்கிலோ வீட்டைவிட்டு வராதிருப்பதே பொறுப்பான செயலாகக் கருதப்பட்டது. குளிக்காமல், தலைவாராமல், பகலில் உறங்கி இரவில் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தபோதும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான் சட்டத்தை மதிக்கும் ஒருத்தியாகவே தெரிந்திருப்பேன். எனக்கே நான் அப்படித்தான் தெரிந்தேன்.

அழுகை எதுவும் வரவில்லை. அதனாலேயே இதை மனச்சோர்வு என்னும் நோய் என்று எண்ணத் தோன்றவில்லை. தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோவின் இசை ஒழுங்கை முனையில் கேட்டால், முன்பெல்லாம் சில்லறையை எடுத்துக்கொண்டு ஓடுவேன். சித்திரைக்குள், அது எங்கள் வாசலைக் கடந்து போகும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். ஏப்ரல் 13 ஆம் திகதி சார்வரி வருடப்பிறப்பு. கோயிலில் மருத்துநீர் வாங்க வழியில்லை என்பதால், மஞ்சளும் துளசியும் இட்டு வீட்டிலேயே காய்ச்சிக் குளிக்குமாறு அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து சொன்னார். குளித்துவிட்டேன் என்று சொன்னேன். உண்மையில் அதற்கு நான்கு நாள் முன்பே குளிப்பதை விட்டிருந்தேன்.

பொய்யைக் கண்டுபிடித்தவரும் அம்மாதான். ஒவ்வோர் இரவும் “சாப்பிட்டனியே பிள்ளை?” என்று கேட்பார்; நான் சமைக்காத கறிகளை வரிசையாகச் சொல்வேன். யூன் முதல் வாரத்தில் ஒருநாள், “நேற்றும் முருங்கைக்காய், முந்தாநாளும் முருங்கைக்காய். வெளியில போகாத உனக்கு ஆர் முருங்கைக்காய் கொண்டுவந்து தாறது?” என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றுதான் முதன்முறையாக அழுதேன்.

உதவி தேடியது எளிதாக இருக்கவில்லை. முதலில் அழைத்த தனியார் மருத்துவ நிலையத்தில் தொலைபேசியை எடுத்தவருக்குத் தமிழ் தெரியவில்லை. கடையில் சாமான் வாங்கவும் பஸ்ஸில் பேசவும் என் சிங்களம் போதும். ஆனால் நெஞ்சுக்குள் ஈயம் காய்ச்சி ஊற்றியதுபோல் இருப்பதைச் சொல்ல அது போதவில்லை. “தலைவலி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். தாதியாகப் பணிபுரியும் மச்சாள்தான், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவில் தாங்க முடியாமல் போனால் அழைப்பதற்காகத் தந்துவிட்டு, தமிழில் பேசும் மனநல வைத்தியர் ஒருவரிடம் நேரமும் பெற்றுத் தந்தார்.

வைத்தியர் உறக்கம், பசி, ஈடுபாடு ஆகியவற்றைப் பற்றி நிதானமாகக் கேட்டார்; இவை இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதியிலும் குலைந்திருந்தால் அது சோம்பலோ குணக்கேடோ அல்ல என்றார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டார். விடியாமலே போனால் நல்லது என்று நினைத்ததுண்டு என்றேன். அவர் முகம் சுளிக்கவுமில்லை, அறிவுரை சொல்லவுமில்லை. அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். அந்தச் சாதாரணத்தன்மை எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தைரொயிட் குறைபாடும் இதே தோற்றத்தில் வரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்வித்தார். அதில் குறையில்லை என்று தெரிந்த பின் மனச்சோர்வுக்கான செர்ட்ரலின் மருந்தை எழுதித் தந்தார். பலன் தெரியச் சில வாரங்களாகும், நினைத்தவுடன் நிறுத்தக் கூடாது என்று இருமுறை சொன்னார். முதல் வாரம் குமட்டல் மட்டுமே கிடைத்தது. நான்காம் வாரத்தில்தான் காலையில் பசித்தது.

மருந்தோடு ஒரு வேலையும் தந்திருந்தார். மனம் வந்த பிறகு எழுவேன் என்று காத்திராமல், மணி ஏழானால் இறங்கி வாசல் கேற்றைத் தொட்டுவிட்டு வர வேண்டும்; அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி கேற்றைத் தொட்டுவிட்டு மேலே ஏறுவதைக் காவலாளி எப்படிப் பார்த்திருப்பார் என்பதை இன்றும் நினைத்துச் சிரிப்பேன். இரண்டாம் வாரம் முனைக்கடை. ஆடி பிறந்த பிறகு, மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்துக்கு அப்பால் கடலோரக் கற்களில் போய் உட்கார்ந்தேன். முதுகுப்புறமாகக் கரையோர ரயில் ஒன்று தடதடத்துப் போனது; கல்லின் அதிர்வு உடம்பில் ஏறியது. மாதக்கணக்கில் என் தலைக்குள் நிகழாத ஒன்று நிகழ்ந்ததை அது எனக்கு உணர்த்தியது.

2021 பங்குனியில், வைத்தியரின் சொற்படி மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினேன். மே 21 ஆம் திகதி நாடு முழுவதும் மீண்டும் பயணத்தடை வந்தது. எனக்கு முதலில் குலைவது உறக்கம் என்று அதற்குள் அறிந்திருந்ததால், இரண்டு இரவு தொடர்ந்து விழித்திருந்தால் தன்னிடம் சொல்ல வேண்டுமென்று மச்சாள் வாக்கு வாங்கிக்கொண்டார். மரக்கறி லொறி வரும்போது மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவதை நாளின் தவிர்க்க முடியாத கடமையாக வைத்துக்கொண்டேன். அம்மாவும் கேள்வியை மாற்றிவிட்டார்: என் வார்த்தை செல்லாது, சாப்பாட்டுக் கோப்பையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஒருநாள் எதுவும் சமைக்க முடியவில்லை. பாணையும் தேங்காய்ச் சம்பலையும் அப்படியே படமெடுத்து அனுப்பினேன். சற்று நேரத்தில் அழைப்பு வந்தது.

“சம்பலுக்குத் தேசிக்காய் விட்டனியே?”

“விடேல்லை, அம்மா.”